பங்கருக்கு எட்டிய தூரம்

என் அண்ணர் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவர் என்பதை வைத்தே யுத்தத்தின் முதல் பன்னிரண்டு வருடங்களை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எந்த ஆண்டில் மின்சாரம் நின்றது, எந்த ஆண்டில் யார் செத்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படியில்லை. எண்பத்து மூன்றில் அவர் இரண்டு மூட்டை வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டி மருதனார்மடச் சந்தைக்கு மிதித்துப் போனார். தொண்ணூற்று நான்கில் அவரைக் கதிரையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. இடையில் நடந்ததை வயோதிபம் என்று எல்லோருக்கும் சொல்லிவந்தேன். அதில் பாதிதான் வயோதிபம்.

அவர் எனக்குப் பதினாறு வயது மூத்தவர். அப்பா இறந்தபோது நான் அரிவரி வகுப்பில் இருந்தேன். அண்ணர் தோட்டத்தைப் பொறுப்பெடுத்து என்னைப் படிக்க விட்டார். அவர் கலியாணம் செய்யவில்லை. நான் கணித ஆசிரியரானேன், கலியாணம் செய்தேன். யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துச் செம்மண்ணில் எங்கள் பழைய வீட்டிலேயே அண்ணரும் நானும் மனைவியும் இருந்தோம். எங்கள் பிள்ளைகள் இருவரும் எண்பத்து மூன்றுக்குப் பிறகு வெளிநாடு போய்விட்டார்கள்.

எண்பத்தேழில் சண்டை வந்தபோது ஊரோடு சேர்ந்து கோயிலில் போய் இருந்தோம். சீமெந்து நிலத்தில் படுத்து அண்ணருக்குக் காய்ச்சல் பிடித்தது. வீடு திரும்பியபோது சாரம் அவர் இடுப்பில் நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போய்விட்டு வந்தால் பத்து நிமிடம் இருந்து மூச்சு வாங்குவார். தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் மெசின் தண்ணீர் இறைத்தது. அவர் வரம்பில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். இனி இறக்கம்தான் என்று அப்போதே நான் முடிவு கட்டிவிட்டேன்.

அது பிழையான முடிவு. தொண்ணூறில் அரசாங்கத் தடையால் மண்ணெண்ணெய் வருவது நின்றது. மெசினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, பல வருடமாக ஆடாமல் நின்ற கிணற்றுத் துலாவுக்கு அண்ணர் புதுக் கயிறு கட்டினார். முதல் நாள் பத்து வாளி அள்ளிவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். அடுத்த கிழமை இருபது. கொஞ்சம் கொஞ்சமாக வெங்காயப் பாத்தி முழுவதற்கும் அவரே இறைத்தார். எழுபது தாண்டிய மனிதருக்குத் தோள் திரும்பி வந்ததை நான் கண்ணால் கண்டேன். ஊர்ப் பரியாரியார் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“வாத்தியார், உவரை ஒருநாளும் கட்டிலிலை போட்டிடாதேங்கோ. இறைக்கிற மட்டும் இருப்பார்.”

“கேட்டியோ தம்பி? நான் இறைக்கிறதை விட்டால் கிணறும் வத்திப் போகுமாம்,” என்றார் அண்ணர்.

பரியாரியார் சொன்னதை நான் பகிடியாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வளவிலும் பதுங்குகுழி இருந்தது. பங்கர் என்போம். எங்கள் பங்கர் பலாமரத்தின் கீழ் ஆளுயரத்துக்கு வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டது. குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் சத்தம் எனக்கு மற்றவர்களுக்கு முன்னரே கேட்கும். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து நிற்கும்போதும் ஒரு காது வானத்தில் இருக்கும். சத்தம் கேட்டதும் பயத்தில் என் கால் தானாகவே பங்கர்ப் பக்கம் திரும்பும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் என்னைத் திடமான மனிதன் என்றார்கள்.

ஒரு பின்னேரம் அண்ணர் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் பொம்மர் இரைந்தது. அவர் எனக்கு முன்னால் நாற்பது கஜத் தூரத்தில், பங்கர் எனக்குப் பின்னால் அதே தூரத்தில். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைக் கீழே போட்டுவிட்டுப் பங்கருக்கு ஓடினேன்.

உள்ளே மனைவி இருந்தாள். “அத்தான் எங்கை?” என்று அண்ணரைக் கேட்டாள்.

“வாறார்,” என்றேன்.

அவர் வரவில்லை. நிலம் இரண்டு முறை அதிர்ந்தது. பனங்குற்றிகளுக்கிடையில் இருந்து மண் உதிர்ந்து என் கழுத்துக்குள் விழுந்தது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் வெளிச்சத்தை நோக்கி எழும்ப வேண்டும் என்று தெரியும், நான் எழும்பவில்லை. சத்தம் தூரப் போய் நெடுநேரம் கழித்து அண்ணரின் கால்கள் வாசலில் தெரிந்தன. குந்தி உள்ளே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் செம்மண்.

“என்ன தம்பி, உள்ளுக்கை குளிரோ? நடுங்குறாய்,” என்றார். “நான் வாய்க்காலுக்குள்ளை படுத்திட்டன். என்ரை தேத்தண்ணி எங்கை?”

அவர் அதைப் பற்றிப் பிறகு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் நல்லது. இன்னொரு முறை அப்படி ஓட நேருமோ என்று நான் ஒவ்வொரு நாளும் பயந்தேன். அவர் பங்கருக்குப் பக்கத்திலேயே இருந்தால் அவரை விட்டு ஓடுகிற நிலை எனக்கு வராது. அவ்வளவுதான் என் கணக்கு. அவருடைய உயிரைவிட என் மானத்தைக் காக்கவே அந்த ஏற்பாட்டைச் செய்தேன்.

தோட்டத்தைப் பக்கத்து வளவுக்காரருக்குக் குத்தகைக்கு விட்டேன். துலாக் கயிற்றைக் கழற்றினேன். பங்கர் வாசலில் இருந்து இருபது அடிக்குள் வீட்டுச் சுவரோடு ஓர் ஓலைப் பத்தி இறக்கி, சாய்மனைக் கதிரையும் கட்டிலும் போட்டேன். குளிக்கச் சுடுதண்ணீர் அங்கேயே வந்தது. சாப்பாடு வந்தது. இரவில் எழும்பாமல் இருக்கப் பாத்திரமும் வைத்தேன்.

“வயது போனால் எலும்பு சுண்ணாம்பு மாதிரி, அண்ணை. விழுந்தால் அதோடை சரி,” என்று விளங்கப்படுத்தினேன்.

“படிச்சனி நீ சொல்லுறாய். சரி,” என்றார்.

ஐம்பது வருடம் வெயிலில் நின்று என்னைப் படிப்பித்தவர், அந்தப் படிப்பை மறுத்துப் பேசமாட்டார். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

முதல் மாதம் கதிரையில் இருந்தபடி ஒழுங்கையில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கதைத்தார். பிறகு சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு இரண்டு கையாலும் கதிரையை ஊன்றி, மூன்று முறை உன்னி எழும்பினார். தொடைச் சதை வற்றி முழங்கால் சிரட்டை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒருநாள் மனைவி அவருக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்து குசினி வாசலில் நின்றாள்.

“ஏனப்பா அத்தானை மறியல்லை பூட்டி வைச்சிருக்கிறியள்?”

“பொம்மர் வந்தால் நீ தூக்குவியோ?”

“நீங்கள் தூக்கினனீங்களோ?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

நான் எழுத வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அவர் தோட்டத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திய நாளில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி கடைசியில், ஆமி நெருங்கிவிட்டது என்று, உடனே ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் தென்மராட்சிக்கு நடந்தது. அண்ணரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் மனைவியின் சேலையால் முன் இருக்கையோடு சேர்த்துக் கட்டினேன். நான் உருட்ட, அவள் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். மழை. ஓர் அடி வைக்க ஒரு மணித்தியாலம் போல இருந்தது. சைக்கிள் ஒரு பக்கம் சரிந்தால் அவர் சனத்தின் காலடியில் போய்விடுவார் என்ற பயத்தில் என் கைகள் விறைத்துவிட்டன.

“வெங்காய மூட்டை இவ்வளவு ஆடாது தம்பி,” என்றார் பின்னாலிருந்து. “நான் கட்டினால்.”

எங்களுக்குப் பக்கத்தில் அவரை விட மூத்தவர்கள் நடந்தார்கள். ஒரு கிழவர், கூன் விழுந்தவர், தலையில் சட்டிபானைப் பொதியோடு எங்களைத் தாண்டிப் போனார். அண்ணர் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கொடிகாமத்தில் ஒரு விதவைப் பெண்மணி தன் தென்னங்காணியில் எங்களுக்கு ஒரு கொட்டில் தந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், வாய் கொஞ்சம் நீளம். நாங்கள் போய் இரண்டாம் நாளே அண்ணருக்கு முன்னால் வந்து நின்றார்.

“அண்ணை, உந்தக் காலை என்ன அடை வைச்சிருக்கிறியளோ? எப்ப குஞ்சு பொரிக்கும்?”

அண்ணர் சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தாராம்.

“எழும்பினால் தம்பி பேசுவான், தங்கச்சி.”

“தம்பி சங்கக்கடை வரிசையிலை நிக்கிறார். பின்னேரம்தான் வருவார். உந்தக் கொட்டில் கப்புமரத்தைப் பிடிச்சுக்கொண்டு எழும்பி வாங்கோ, தேங்காய் உரிக்க ஆளில்லை.”

இதை மனைவி பிறகுதான் எனக்குச் சொன்னாள். நான் அரிசிக்கும் மாவுக்கும் அலைந்த அந்தக் கிழமைகளில், அவர் முதலில் கப்பைப் பிடித்து நின்றார். பிறகு அலவாங்குக் கம்பி நட்ட இடத்துக்குத் தடியூன்றிப் போய், நாளுக்கு ஒரு தேங்காய், இரண்டு தேங்காய் உரித்தார். நான் வரும் நேரம் பார்த்துத் திரும்பிவந்து படுத்துக்கொள்வாராம். எழுபத்தாறு வயது மனிதர், தான் கைபிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவனுக்கு ஒளித்து நடை பழகியிருக்கிறார்.

மார்கழி தொடக்கத்தில் ஒருநாள் சந்தை நேரத்தோடு கலைந்துவிட்டது. காலை ஒன்பது மணியிருக்கும். படலையைத் திறந்தேன். அண்ணர் முற்றத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தார். கையில் தடி இல்லை. ஒரு சின்ன வாளியைப் பிடித்துக்கொண்டு, கிணற்றைப் பார்த்து, ஒவ்வொரு அடியாக, ஆனால் நேராக நடந்தார். கொட்டில் அவருக்கு வெகு பின்னால் இருந்தது. வானத்தில் எந்தச் சத்தமும் இல்லை.

நான் பேசாமல் படலையடியில் நின்றிருக்கலாம். ஒரு நிமிடம் நின்றிருந்தால் கிணற்றுக்கட்டைப் பிடித்திருப்பார். பயம் என்னைப் பிடித்தது, பொம்மர் வந்தது போலவே.

“அண்ணை! விழுந்திடுவியள்!”

என் வகுப்புக் குரல் அது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. இடுப்புப் பக்கமாக விழுந்தார். வாளி கொஞ்சத் தூரம் உருண்டு போனது.

உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் போட்டு அவரைப் பருத்தித்துறைப் பக்கம் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, இந்த வயதில் பொருந்துவது கடினம் என்றார்கள். சில நாளில் திரும்பக் கொண்டுவந்து கொட்டிலில் கிடத்தினோம். அக்கம்பக்கத்தில் இருந்த இடம்பெயர்ந்த சனம் வந்து பார்த்தது. எப்படி நடந்தது என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நான் சொன்னேன்: மழை பெய்த முற்றம், சேறு, வழுக்கிவிட்டது.

ஒருநாள் வளவுக்காரப் பெண்மணி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் அன்றைக்குக் குசினியில் இருந்தவர். நான் கத்தியது கேட்டதோ தெரியாது.

“வாத்தியார், இது கொடிகாமம். என்ரை வீட்டு முத்தம் முழுக்க மணல். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணி நிக்காது. உதிலை எங்கையிருந்து வந்தது சேறு?”

வந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். மனைவியும் பார்த்தாள்.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த அண்ணர்தான் பேசினார்.

“இல்லைத் தங்கச்சி. சேறுதான். வழுக்கிப் போட்டுது.”

அவர் மூன்றாம் கிழமை சளி கட்டி இறந்தார். செத்தவீட்டிலும் நான் சேற்றைத்தான் சொன்னேன். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்கும் அப்படியே எழுதினேன். இப்போது எனக்கு அவருடைய அந்த வயது கடந்துவிட்டது. முற்றத்தில் சேறு இருக்கவில்லை. நான் கத்தினேன், அவர் திரும்பினார்.