கண்ணோரத்தில் நின்றவர்கள்

அன்புராசா கண்ட முதல் ஆள் ஒரு பெண். கனடாவில், வெக்ஸ்போர்ட் பகுதியில், பஸ் தரிப்பிடத்துக்குச் சற்றுத் தள்ளி, சாம்பல் நிறக் கோட்டோடு நின்றாள். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. தெருவைக் கடக்கப் போகிறாள் என்று நினைத்துக் காரை நிறுத்தினார். முகத்தைத் திருப்பி நேராகப் பார்த்தால் அங்கே வெறும் புல்.

அதற்குப் பிறகு அவர்கள் அடிக்கடி வந்தார்கள். எப்போதும் மாலை மங்கும் நேரம், எப்போதும் கண்ணின் ஓரம். தொப்பி போட்ட ஒருவர் மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்தார். யாரும் அசையவில்லை, எதையும் கேட்கவில்லை. அன்புராசா மன்னார்க் கத்தோலிக்கர்; இறந்தபின் மோட்சத்துக்குக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காகச் சிறுவயதிலிருந்தே செபித்துப் பழகியவர். வந்து நிற்பவர்கள் அவர்கள்தான் என்று முடிவுகட்டி, கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார். பூசை முடிந்த அன்று மாலையும் தொப்பிக்காரர் நின்றார்.

மனைவி கிளடிசிடம் அவர் வாய் திறக்கவில்லை. கனடாவுக்கு வந்த நாள் தொட்டு ஸ்டியரிங் பிடித்தே வீட்டை நடத்தியவர். முதலில் பீட்சா கொண்டுபோனார், பிறகு டாக்சி, இப்போது மிசிசாகாவில் விமான நிலையப் பயணிகளை ஏற்றியிறக்கும் சிறு பஸ். முதுகு நோகிறது என்று சொல்லி எப்போதோ பகல் வேலைக்கு மாறிக்கொண்டார். முதுகுக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கோடையில் பாரிசிலிருந்து அண்ணன் வின்சன்ற் அழைத்தார். அவருடைய பார்வை குழாய்க்குள்ளால் பார்ப்பது போலச் சுருங்கிவிட்டதாம். இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் இது பரம்பரையில் வருவது, தம்பியும் கண்ணைக் காட்டவேண்டும் என்று சொன்னார்களாம். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிற மகள் ஸ்டெபனி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“புரதம் சரியா மடியேல்லையாம்,” என்றார் அன்புராசா, தொலைபேசியை வைத்துவிட்டு. “புரதம் பருப்பில எல்லோ இருக்கு?”

“பருப்பில மட்டுமில்லை அப்பா. எங்கட செல் ஒவ்வொண்டுக்குள்ளயும் இருக்கு. ஷேப் மாறி மாறித்தான் அதுகள் வேலை செய்யிறது. இரத்தத்தில இருக்கிறது நுரையீரல்ல ஒக்சிசனைப் பிடிக்கும். கால் பக்கம் போனதும் கொஞ்சம் உருவம் மாறி விட்டிடும்.”

“கண்ணில?”

“உங்கட பஸ் கதவை நினையுங்கோ. பட்டனை அமத்தினா மடிஞ்சு திறக்குதெல்லே? கண்ணுக்குப் பின்னால இருக்கிற புரதத்துக்கு வெளிச்சம்தான் பட்டன். துளி வெளிச்சம் பட்டாலே அது உருவம் மாறும். அந்த மாற்றம்தான் மூளைக்குச் செய்தியாப் போகுது. இருட்டில நாங்கள் பார்க்கிறது அதாலதான்.”

“அண்ணைக்கு?”

“பெரியப்பாவுக்கு அந்தக் கதவு செய்யேக்குள்ளயே கோணலா மடியுது. பஸ்ஸில பொருத்தேலாது. செல்லுக்குள்ள குவிஞ்சு குவிஞ்சு, கடைசியா செல்லே செத்துப்போகும். முதல்ல இரவுப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை.” அவள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள். “தெரியாத இடத்தை மூளை சும்மா விடாதாம். ஆக்கள் நிக்கிற மாதிரிக்கூடக் காட்டுமாம்.”

அன்புராசாவின் கையில் தேநீர் ஆறியது.

“தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தா பிள்ளைக்கு வாறது பாதிக்குப் பாதி சான்ஸ். காட்டுவம் அப்பா.”

“காட்டினா டொக்டர் லைசென்ஸ் ஒஃபிசுக்கு எழுதிப்போடுவார். பிறகு நான் என்ன செய்யிறது, கொம்மாவுக்கு வெங்காயம் உரிக்கிறதோ?”

கண்ணைக் காட்டாமலே கோடை போயிற்று.

ஒக்ரோபர் செபமாலை மாதம். செபம் சொல்ல மாதா சொரூபம் ஒவ்வொரு மாலையும் கோயில் ஆட்களில் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போகும். கொண்டுபோவது வருடா வருடம் அன்புராசாதான். ஒருநாள் மாலை வெக்ஸ்போர்ட்டில் கரோலின் வீட்டிலிருந்து ரூஜ் என்ற இடத்தில் கிளிபோட் வீட்டுக்கு. கரோலின் சொரூபத்தை முன்சீற்றில் இருத்தி பெல்ற் போட்டாள்.

“அன்புராசா அண்ணை, பிறேக்கைப் பார்த்துப் பிடியுங்கோ. போன முறை மாதான்ர மூக்குக்கு நான்தான் பெயின்ற் அடிச்சனான்.”

ஸ்டெபனி பின்னால் ஏறினாள். மழை தூறியது. எதிரே வந்த விளக்குகள் ஒவ்வொன்றும் ஊதிப் பெருத்திருந்தன. ஒரு சந்தியில் தொப்பிக்காரர் நின்றார். அன்புராசா சட்டென்று பிறேக் அடித்தார். பின்னால் வந்தவன் ஹோனில் கையை வைத்தபடி விலத்திப் போனான். தொப்பிக்காரரைக் காணவில்லை.

“என்னப்பா?”

“ஒண்டுமில்லை.”

இனி எவர் நின்றாலும் நிறுத்துவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவர்களுக்கு வேண்டியது செபம்தானே.

ரூஜில் புது வீடுகளுக்கிடையே திரும்பியபோது வலக்கண் ஓரத்தில் ஒரு பெண் தெரிந்தாள். அதே சாம்பல் கோட் என்று தோன்றியது. இறந்தவர்களுக்கான செபத்தை முணுமுணுத்தபடி அவர் காரை விட்டார்.

காரின் பக்கவாட்டில் பலமாக ஒரு அறை விழுந்தது.

நிறுத்தினார். அந்தப் பெண் காரில் அறைந்த கையை உதறிக்கொண்டு ஆங்கிலத்தில் திட்டினாள். அவள் கோட் சிவப்பு. ஸ்டெபனி இறங்கி ஓடி மன்னிப்புக் கேட்டாள். அடி படவில்லை, காரின் பக்கக் கண்ணாடி அந்தப் பெண்ணின் பையில் தட்டியதோடு போயிற்று. திட்டி முடித்துவிட்டு அவள் நடந்தாள். இருட்டுக்குள் இரண்டடி வைத்ததும் அன்புராசாவுக்கு அவள் இல்லாமற் போனாள்.

“நான் அவவைக் கண்டனான்,” என்றார், திரும்பி வந்து ஏறிய மகளிடம். “கண்டும் நிப்பாட்டேல்லை. செத்த ஆள் எண்டு நினைச்சன்.”

பூசை ஒப்புக்கொடுத்தது வரை எல்லாவற்றையும் சொன்னார். உயிரோடு நடந்து போனவளுக்கு இறந்தோர் செபம் சொன்ன வாய் உலர்ந்து கிடந்தது. இயந்திரத்தை நிறுத்தி, காரின் திறப்பை உருவி ஸ்டெபனியிடம் நீட்டினார்.

“இனி நான் ஓட்டேல்லை. நாளைக்குக் கண்ணைக் காட்டுவம், எழுதுறதை எழுதட்டும். நீ முன்னுக்கு வந்து ஓட்டு. கிளிபோட் வீடு கிட்டத்தான்.”

ஸ்டெபனி திறப்பை வாங்கவில்லை.

“அப்பா, போன வருசத்திலயிருந்து பொழுதுபட்டா நான் ஓட்டுறேல்லை.”

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. திறப்பைப் பிடித்த கை நீண்டபடியே இருந்தது.

“நீயும் ஆக்களைக் காணுறனியோ?”

“இல்லை,” என்றாள். “இன்னும் இல்லை.”

கிளிபோட்டை அழைத்தாள். நடந்தே வருகிறேன், காரை நான் எடுக்கிறேன் என்றார் அவர். இருவரும் விளக்குகளை எரியவிட்டுக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில், வெளிச்சம் முடிகிற இடத்துக்கு அப்பால், யாரோ நிற்பது போல அன்புராசாவுக்குப் பட்டது. முகத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

“பிள்ளை, அங்க ஆரும் நிக்கினமோ?”

ஸ்டெபனி முன்னால் சாய்ந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கி இருட்டை நோக்கிக் கூப்பிட்டாள்.

“கிளிபோட் அங்கிள்?”

இருவரும் ஒரு குரலுக்காகக் காதைக் கொடுத்தார்கள்.