சம்மட்டியின் கை

பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளுவது அவன் பிழைப்பு. கூட வேலை செய்கிறவர்கள் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். மூக்குக்கு மேல் கோபம், கோபத்தையும் முந்திக்கொண்டு போகும் கை. மகளின் வளைந்த முதுகைப் பார்த்து அவளைப் போலவே நடந்து காட்டிய பஸ் கண்டக்டரின் முன்பல் இரண்டையும் அவள் கண்ணெதிரிலேயே பேர்த்தான். ரத்தம் அவள் சட்டையில் தெறித்தது. ஆசைப்பட்டு வாங்கிய சட்டை; அப்புறம் அவள் அதைத் தொடவேயில்லை. மகளுக்காகத்தானே அடித்தேன் என்று மார்தட்டிக்கொண்டான், மடையன்.

பன்னிரண்டு வயதில் அவள் முதுகெலும்பை நிமிர்த்தி, இருபக்கமும் உலோகக் கம்பி வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். அன்று ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரை வழிமறித்து, "எம்பொண்ணுக்கு ஏதாவது ஆச்சு, உன் கை ரெண்டையும் ஒடிச்சிடுவேன்" என்றான். தள்ளுவண்டியில் படுத்திருந்தவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டுக்கு நிமிர்ந்து நடந்து வந்தாள். தெருவையே கூட்டிக் காட்டாத குறையாகப் பூரித்துப்போனான் சம்மட்டி. கொஞ்ச நாளில் அவள் முகம் வாடியது, சாப்பாடு இறங்கவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், முதுகைக் காட்டமாட்டாள். ஒரு காலையில் அம்மா போர்வையை இழுத்தாள். குடலைப் புரட்டும் நாற்றம். தையல் ஓரிடத்தில் வாய் பிளந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. அது வெளியே தெரியாமலிருக்க டிஷ்யூ பேப்பரை மடித்து மடித்து ஒட்டி வைத்திருந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் சம்மட்டி ஆடிய ஆட்டத்தில் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. தடுத்த காவலாளி சுவரில் மோதி விழுந்தான். டாக்டர் ஓடிவந்து காயத்தைப் பார்த்தார். கிருமி கம்பி வரைக்கும் இறங்கியிருக்கும், உடனே திறந்து அழுகிய சதையைச் சுரண்டிக் கழுவவேண்டும் என்றார். எலும்பு இன்னும் கூடவில்லை. இப்போது கம்பியைக் கழற்றினால் முதுகு பழையபடி வளைந்துவிடும். கம்பியைக் காப்பாற்ற முடியுமா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

"வடிய ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருந்தா இவ்வளவு பயமில்ல. ஏன் இப்படி விட்டீங்க?"

அவ்வளவுதான். டாக்டரின் கழுத்து சம்மட்டியின் பிடிக்குள் போய்விட்டது. மூக்குக்கண்ணாடி விழுந்து காலடியில் நசுங்கியது. டாக்டரின் கண் பிதுங்கியது, மூச்சு வரவில்லை. இரண்டு பேர் இழுத்தும் பிடி விடவில்லை.

"விடுப்பா." தள்ளுவண்டியிலிருந்து மகள்தான் சொன்னாள். கத்துவதற்கு அவளுக்குத் தெம்பில்லை. "சொன்னா நீ இவரை இப்படிப் பண்ணுவேன்னுதான் நான் சொல்லவேயில்ல."

பிடி தானாக விட்டது. காவலாளிகள் அவனைக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றிக் கையை முறுக்கினார்கள். அவன் திமிறவில்லை. டாக்டர் இருமிக்கொண்டே, கழுத்தில் ஐந்து விரலும் சிவந்து பதிந்திருக்க, யாரிடமோ வேறு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு மகளோடு உள்ளே போனார்.

திரும்பத் திரும்பத் திறந்து கழுவினார்கள். நரம்பில் மருந்து ஏற்றினார்கள், அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை. கம்பி தப்பியது. சம்மட்டி சிறையிலிருந்து வந்தபோது அவள் நிமிர்ந்துதான் நின்றாள்.

இப்போதும் அவன் வலிக்கிறதா என்று கேட்டால் அவள் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் அவன் கையைத்தான் பார்ப்பாள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். அதற்கப்புறம்தான், "கொஞ்சம் வலிக்குதுப்பா" என்பாள்.