மசால் வடை தின்னாத மோல்

ஜூன் மாதத்து ஒரு காலை, காபி டம்ளரோடு பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முந்தின நாள் மாலைவரை பாய் விரித்தமாதிரி கிடந்த புல்வெளியின் குறுக்கே, வேலி ஓரத்திலிருந்து என் வெங்காயப் பாத்திவரைக்கும், கை மொத்தத்துக்கு ஒரு வரப்பு கோணல்மாணலாக எழும்பியிருந்தது. புல்லுக்கு அடியில் யாரோ தண்ணீர்க் குழாய் பதித்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அதன்மேல் காலை வைத்தேன். பொதக்கென்று கணுக்கால்வரை உள்ளே போயிற்று.

"ஏனுங்க! சீக்கிரம் வாங்க! நம்ம தோட்டத்துல என்னமோ பூந்திருச்சு!"

என் கணவர் பாதி ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார். வரப்பைப் பார்த்தார். "கேஸ் லைன் லீக்கா இருக்குமோ? யாருக்காவது கால் பண்ணட்டுமா?" என்றார். சாஃப்ட்வேர் காரருக்கு எதைப் பார்த்தாலும் லீக்தான். நான் உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து, விரலால் துழாவிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன்.

"பெருச்சாளிங்க. சந்தேகமே வேண்டாம்."

பயமெல்லாம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே குஷி எனக்கு. அமெரிக்காவுக்கு வந்து இரண்டு வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் முதல்முறையாக என்னைத் தேடி வந்திருந்தது.

நான் பி.எஸ்ஸி. விவசாயம் படித்தவள். மண்ணியல் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். ஆனால் நான் வந்தது எச்-ஃபோர் விசாவில். வேலைக்குப் போகிறவரின் மனைவி என்று முத்திரை குத்தி உள்ளே விடுவார்கள். வேலை பார்க்க மட்டும் அனுமதி கிடையாது. நியூ ஜெர்ஸியில் எந்தத் தமிழர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் தட்டை நீட்டுவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "நீங்க எங்க ஒர்க் பண்றீங்க?" நான் சொல்வேன்: "வீட்லதாங்க, சும்மா இருக்கேன்." சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டவர்மேல் கோபமில்லை. அந்த "சும்மா"வை என் வாயாலேயே சொல்லவேண்டியிருக்கிறதே என்றுதான்.

அதனால்தான் மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில் பின்பக்கம் இடம் உள்ள வீடாகப் பார்த்து வாங்கியதும் நான் வெறிபிடித்தவள்போலத் தோட்டத்தில் இறங்கினேன். மண்ணா அது! கடப்பாரை போட்டாலும் டங்கென்று திருப்பிக்கொடுக்கும் களிமண். ஒரு வருடம் அதற்குச் சோறு ஊட்டினேன் என்றே சொல்ல வேண்டும். அரிசி கழுவின தண்ணீர், காபித் தூள் சக்கை, காய்கறித் தோல், உளுந்துத் தொலி, இலையுதிர் காலத்தில் தெருவே குப்பையென்று கட்டிவைத்த இலை மூட்டைகள் எல்லாம் அதற்குள் போயின. இரண்டாம் வருடம் ஏப்ரலில் பக்கத்து ஊரான எடிசனில் இந்தியக் கடையில் அதிசயமாகக் கிடைத்த சின்ன வெங்காயத்தைப் பாத்தி கட்டி நட்டேன். அப்போதெல்லாம் சின்ன வெங்காயம் அங்கே எளிதில் கண்ணில் படாது. கிடைத்தாலும் பாதி அழுகலாக இருக்கும்.

நட்டதோடு விட்டேனா? முளை வந்ததுமே எல்லாரிடமும் வாயை விட்டுவிட்டேன். "ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துருங்க. எங்க தோட்டத்துச் சின்ன வெங்காயத்துல சாம்பார்!" நாற்பது பேர். ஆள் ஆளுக்கு நாவில் நீர் ஊற ஃபோன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டார்கள். எனக்கோ அது சாம்பார் மட்டும் இல்லை. அந்த நாற்பது பேர் முன்னால் ஒரு நாளாவது நான் சும்மா இருக்கிறவள் இல்லை என்று ஆகிவிட வேண்டும்.

அந்தப் பாத்திக்குள்தான் இப்போது வரப்பு புகுந்திருந்தது. ஆறு பயிர் வேர் தூக்கிக்கொண்டு துவண்டு கிடந்தன.

"பெருச்சாளிக்கு மசால் வடைதான் சரி," என்றேன். ஊரில் எங்கள் வீட்டு நெல் அறையில் பொறி வைத்தால் மசால் வடைதான். தேங்காய்த் துண்டுக்குக்கூட ஏமாறாத எலி அந்த வாசனைக்கு வந்து மாட்டும். கணவர் ஹார்டுவேர் கடையில் கம்பிக் கூண்டு ஒன்று வாங்கி வந்தார். நான் கடலைப் பருப்பு ஊறப்போட்டு, சோம்பு தட்டிப் போட்டு, மொறுமொறுவென்று வடை சுட்டேன். பொறிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்பது.

மறுநாள் காலை கூண்டுக்குள் ஓர் அணில். கடிப்பதுபோல் முறைத்தது. திறந்துவிட்டோம். அடுத்த நாளும் அணில்தான். மூன்றாம் நாள் கூண்டு காலி, வடையும் காலி. அந்த வாரம் எங்கள் தெரு அணில்களுக்கு விருந்து நடந்ததே தவிர, புல்வெளியில் புதிதாக இரண்டு வரப்புகள் கிளை விட்டிருந்தன.

"அக்ரி படிச்சவங்க டெக்னிக் இவ்வளவுதானா?" என்றார் கணவர், வாய் நிறைய வடையோடு.

வந்ததே கோபம் எனக்கு! "இருங்க, இன்னைக்குத் தண்ணி விடறேன். எப்படி வெளிய வராமப் போகுதுன்னு பாத்தரலாம்."

எங்கள் ஊர் வயலில் எலி வளைக்கு அப்படித்தான் செய்வார்கள். ஒரு வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் மறு வாய் வழியாக எலி தலையை நீட்டும். அங்கே ஓர் ஆள் தடியோடு நிற்பார். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் தோட்டத்துக் குழாயை வரப்புக்குள் செருகித் திருப்பினேன். வரப்பின் மறுமுனையில் கணவர் கிரிக்கெட் மட்டையோடு குனிந்து நின்றார். மூன்று வயது மகள் படிக்கட்டில் உட்கார்ந்து, "அப்பா, ஆர் யூ கோயிங் டு ஹிட் ஹிம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அத்தனை தண்ணீரும் எங்கேதான் போகிறது என்று நான் வியந்துகொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது.

பக்கத்து வீட்டு அம்மாளின் புல்வெளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்ததும் முழங்கால் போட்டு உட்கார்ந்து, புல் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர். அந்தப் புல்வெளியின் நட்டநடுவில் குபுகுபுவென்று சேற்று ஊற்றுக் கிளம்பி, அவர் வைத்திருந்த பூச்செடிகளைச் சுற்றிக் குளம் கட்டிக்கொண்டிருந்தது.

குளியல் அங்கியோடு வேலியருகே வந்தார். என் கையிலிருந்த குழாயையும் என் கணவர் கையிலிருந்த மட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். எலி பிடிக்கிறோம் என்றோம். அவர் வரப்பைப் பார்த்தார். அடுத்த நிமிடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

அது எலியே இல்லை, மோல் என்றார். எங்கள் ஊரில் நான் பார்த்திராத பிராணி. அது வெங்காயம் தின்னாது, வடையும் தின்னாது. மண்புழுவும் மண்ணுக்குள் இருக்கிற புழுக்களும்தான் அதற்குச் சாப்பாடு. அதைத் தேடித்தான் சுரங்கம் தோண்டுகிறது. போகிற வழியில் வேர் தூக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நான்கு வருடம் படித்த என் விவசாயம் அந்த வேலியோரத்தில் மானம் கெட்டு நின்றது. கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அதற்கு அன்றைக்குச் சாயங்காலம் வட்டியோடு திருப்பிக்கொடுத்தேன் என்பது வேறு கதை.

ஆனால் அந்த அம்மாள் போகவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இத்தனை வீடு இருக்க அது ஏன் உன் வீட்டுக்கு வருகிறது என்று கேட்டார். கையில் சின்னக் களைக்கரண்டியோடு வேலிக் கதவைத் திறந்து வந்தார். முதலில் தன் புல்வெளியிலிருந்து வெட்டி வந்த மண்கட்டியை உதிர்த்துக் காட்டினார். இரண்டு புழு. பிறகு என் வெங்காயப் பாத்தி ஓரத்தில் கரண்டியை இறக்கினார். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிற்று. அந்த ஒரே கட்டியில், நானும் அவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எண்ணினோம், பத்தொன்பது புழு! என் மகள் ஒவ்வொன்றுக்கும் கத்தினாள்.

அவர் அந்த மண்ணைக் கசக்கிப் பார்த்தார், முகர்ந்தார். நான் முகர்ந்த அதே மாதிரி. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: இருபது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், இப்படிப்பட்ட மண்ணை இங்கே பார்த்ததில்லை. நீ இதற்கு என்ன செய்தாய்?

எனக்குத் தலைகால் புரியவில்லை. அரிசி கழுவின தண்ணீரிலிருந்து இலை மூட்டைவரை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். இலக்கணமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அமெரிக்காவில் நான் படித்த விஷயத்தைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அவர் பாவம், பூச்செடிக்காக அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தட்டினார்.

போகும்போது ஒரு யோசனையும் சொன்னார். காஸ்டர் ஆயிலைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தால் மோலுக்குப் பிடிக்காதாம். காஸ்டர் ஆயில் என்றால் நம் விளக்கெண்ணெய்தான்! மகளின் வயிற்று வலிக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டில் அலமாரியில் தயாராக இருந்தது. அதைப் பாத்தியைச் சுற்றி மட்டும் தெளித்தேன். மிச்சப் புல்வெளியை மோலுக்கே எழுதிக்கொடுத்துவிட்டேன். தினமும் காலையில் ஷூ போட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வரப்புகளை மிதித்து அமுக்குவோம். மகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டு வாய்க்கவில்லை. துவண்ட பயிர்களில் நான்கு பிழைத்தன.

ஜூலைக் கடைசியில் தாள் சாய்ந்தது. பிடுங்கினேன். கொத்துக் கொத்தாக, ஊதாவும் சிவப்புமாக இரண்டு கூடை நிறைய வெங்காயம். ஒன்றில்கூட ஒரு பல் குறி இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த சனிக்கிழமை நாற்பது பேரும் வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாளையும் அழைத்திருந்தேன். ஐந்து வகைச் சோற்றையும் ஒரு கை பார்த்தார். சாம்பாரைப் பற்றி நானே சொல்லக்கூடாது. மூன்று அண்டா வைத்தேன், மூன்றும் காலி. நான்காவதாக அவசரமாக ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் மேப்பிள் மர நிழலில் நாற்காலிகளில் சாய்ந்திருந்தபோதுதான் மகளின் குரல் கேட்டது.

"அம்மா! இட்ஸ் மூவிங்!"

வெங்காயம் எடுத்த பாத்தியை ஒட்டி, எங்கள் கண் முன்னாலேயே, புல் எழும்பி எழும்பி நகர்ந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் சரிந்தன. கரண்டியோடும் பேப்பர் தட்டோடும் எல்லாரும் ஓடி வந்தார்கள். கோபியும் பொள்ளாச்சியும் தாராபுரமும் ஒரே குரலில் கத்தின. "அமுக்குங்க! அந்தப் பக்கம் அடைங்க!" நான் மண்வெட்டியை எடுத்து, நகரும் வரப்புக்குப் பின்னால் ஓங்கி இறக்கி நெம்பினேன்.

புல்மேல் வந்து விழுந்தது. என் உள்ளங்கை நீளம்தான். கறுப்புப் பட்டுத் துணியில் தைத்த மாதிரி உடம்பு. கண் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆனால் கைகள்! உடம்புக்குப் பொருந்தாத பெரிய வெளுத்த கைகள், உள்ளங்கையை வெளிப்பக்கம் விரித்தபடி. நகமெல்லாம் மண். என் நகத்திலும் மண், இரண்டு நாளாகத் தேய்த்தும் போகாத அதே மண்.

"அடிச்சிரலாமுங்களா அக்கா?" என்றார் தடியோடு நின்ற ஒருவர்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். நான் கத்திய கத்தில் அவர் தடியைக் கீழே போட்டார். மோல் இரண்டு கையாலும் நீந்துவதுபோல மண்ணை விலக்கிற்று. மூன்று நொடியில் என் பாத்திக்குள் போய்விட்டது.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் டெக்ஸாஸிலிருந்து அந்த மாதம்தான் மாறி வந்த ஒருவர், என்னை முன்பின் அறியாதவர், மண்வெட்டியைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்:

"நீங்க எங்க ஒர்க் பண்றீங்க?"

நான் பாத்தியைக் காட்டினேன்.

"இங்கதாங்க. விவசாயம் பண்றேன்."

அவர் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் சாம்பார் இருக்கிறதா என்று கேட்டார்.