கழற்றி வைத்த பம்ப்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். கடலுக்குப் போகிறவர்களிடம் இந்த மாதிரிக் கதைகள் மூட்டை மூட்டையாக இருக்கும், நான் ஒன்றையும் காது கொடுத்துக் கேட்டதில்லை. டீசல் வந்தால் இஞ்சின் ஓடும், வராவிட்டால் நிற்கும், நடுவில் மூன்றாவதாக எதுவும் கிடையாது என்று என் கடையில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் ஒன்று, இதில் நான் வெட்கப்படுவது பயந்து போனதற்காக இல்லை. அதற்கு முன்னால் செய்த ஒரு காரியத்துக்காக. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

என் பெயர் குமரேசன். மணமேல்குடிப் பக்கம் துறைக்குப் போகிற ரோட்டில் படகு இஞ்சின் வேலை பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடம் அரபு நாட்டில் ஒரு படகுப் பட்டறையில் இருந்துவிட்டு வந்தவன் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. கடை போட்ட முதல் வருடமே முத்துக்கருப்பன் அண்ணனின் விசைப்படகு என்னிடம் வேலைக்கு வந்தது. அந்தப் படகில் இஞ்சினைப் பார்த்துக்கொள்கிற டிரைவர் வேலாயுதம் அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அதிகம் பேச மாட்டார்.

அந்த இஞ்சினில் பழைய கால டீசல் பம்ப். டேங்க்கில் இருந்து டீசலை உறிஞ்சி மேலே தள்ளுகிற சின்னப் பம்ப்தான், இஞ்சினின் பக்கவாட்டில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும், இஞ்சின் சுற்றினால் அதுவும் சேர்ந்து அடிக்கும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, வெளியே கையால் அடிக்க ஒரு லீவர். லைனில் காற்றுப் புகுந்து இஞ்சின் நின்றுவிட்டால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்த லீவரை அடித்து அடித்துத்தான் டீசலை ஏற்ற வேண்டும். வேலாயுதம் அண்ணன் அடிப்பது தனியாகத் தெரியும். மூன்று வேகமாக, ஒன்று நிதானமாக. டக் டக் டக், டொக். கரையில் நின்றாலே அவர்தான் அடிக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

ஒரு நாள் அந்தப் பம்ப்பின் சவ்வு இற்றுப் போய்விட்டது, மாற்றிக் கொடு தம்பி என்று கழற்றிக்கொண்டு வந்தார். புதுச் சவ்வு வாங்க அறந்தாங்கிக்குப் போக வேண்டும். எனக்கோ அன்றைக்கு வல்லத்திராக்கோட்டையில் மச்சினன் வீட்டுக் காதுகுத்து, மத்தியானப் பந்திக்குள் போய்ச் சேரவேண்டும். கடையில் கிடந்த ஒரு பழைய பம்ப்பில் இருந்து சவ்வை எடுத்துப் போட்டு மாட்டிக் கொடுத்துவிட்டேன். புதுசு என்றுதான் சொன்னேன்.

அடுத்த வாரமே அது கிழிந்தது. நடுக்கடலில் இஞ்சின் நின்று, ஒரு பகலும் ஒரு இரவும் காற்று இழுத்த இழுப்புக்குப் படகு போயிருக்கிறது. இலங்கைக் கடல் எல்லைக்குப் பக்கத்தில் வேறு போய்விட்டார்கள். பின்னால் வந்த படகு ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. படகில் இருந்த நான்கு பேரும் உதடு வெடித்து வந்து இறங்கினார்கள். முத்துக்கருப்பன் அண்ணன் கண் சிவக்க என்னைப் பார்த்து, "என்னடா கோளாறு, பாத்துச் சொல்லு" என்றார்.

நான் இஞ்சின் ரூமுக்குள் தனியாக இறங்கினேன். பம்ப்பைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. அப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். குடிக்கிற தண்ணீர் பாட்டில் ஒன்று அங்கே கிடந்தது. டீசல் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, அந்தத் தண்ணீரை இரண்டு விரல் அளவுக்கு அதில் ஊற்றி மேலே கொண்டு வந்து காட்டினேன். "டீசல்ல தண்ணி எறங்கியிருக்குண்ணே. டேங்க் மூடிய ஒழுங்கா மூடல."

வேலாயுதம் அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நான் மூடுனேனே தம்பி" என்றார். இருபது வருடமாக அந்தப் படகில் இருந்தவரை அன்றோடு அனுப்பிவிட்டார்கள். மற்ற படகுக்காரர்களும் எடுக்கவில்லை. ஓர் இறால் பண்ணையில் காவலுக்குப் போனார். பம்ப்பைப் படகு வந்த அன்று சாயங்காலமே புதுச் சவ்வு போட்டுச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டேன். அடுத்த வருடம் ஒரு மத்தியானம் அந்தப் பண்ணையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த வேலாயுதம் அண்ணன் எழுந்திருக்கவில்லை. சாவுக்குப் போனேன். மாலை போட்டேன். அந்த முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் ஒரு தடைக்காலத்தில் முத்துக்கருப்பன் அண்ணன் கடைக்கு வந்தார். கடலுக்குப் போகக்கூடாத அந்த இரண்டு மாதத்தில்தான் படகு வேலையெல்லாம் நடக்கும். "அந்தப் பழைய பம்பே வேணாம்டா குமரேசா. கரண்டுப் பம்பா மாத்திரு. லீவர் அடிக்கிற ஆளும் இப்ப இல்ல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கேயோ குத்தியது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. பழைய பம்ப்பைக் கழற்றி, அது இருந்த ஓட்டையில் ஒரு தகடு வைத்து, கேஸ்கட் போட்டு, போல்ட் முடுக்கி மூடினேன். கரண்டுப் பம்ப்பை டேங்க்குக்குப் பக்கத்தில் வைத்து பேட்டரியில் இருந்து வயர் இழுத்தேன். டீசல் ஓடுவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று கடைசி இரண்டு அடிக்குக் கண்ணாடி போலத் தெரிகிற ஹோஸ் போட்டேன். வயர் இணைப்பை மட்டும் முறையாக லக் என்கிற உலோக முனை வைத்து அழுத்தாமல், முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். அந்த இணைப்பு வந்தது சரியாகப் பழைய பம்ப் இருந்த இடத்துக்கு உள்பக்கம், ஒரு ஆள் குந்தினால்தான் கை எட்டும். அப்புறம் செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். திருந்தவில்லை பாருங்கள். கழற்றிய பம்ப்பை ஒரு சாக்கில் சுற்றிக் கடையில் வைத்துவிட்டேன்.

தடைக்காலம் முடிந்த அன்று காலையில் முத்துக்கருப்பன் அண்ணனும் நானும் மட்டும் படகை ஓட்டிப் பார்க்கப் போனோம். அவர் மேலே வீல் பிடித்தார், நான் கீழே இஞ்சின் ரூமில். கரை மறைகிற தூரம் வரைக்கும் ஜோராகப் போயிற்று. பத்துப் பதினொரு மணி இருக்கும், நல்ல வெயில். அப்போது மேற்கே இருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. இஞ்சின் நின்றால் அந்தக் காற்று படகை நேராகக் கிழக்கே எல்லைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். "போதும்டா, திருப்புறேன்" என்று மேலே இருந்து கத்தினார். படகு திரும்பும்போது அலையில் ஒரு குலுக்குக் குலுக்கியது பாருங்கள், அதோடு இஞ்சினின் சத்தம் மாறியது.

எந்த மெக்கானிக்கும் அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பான். டீசல் வரவில்லை. பார்த்தேன். நான் முறுக்கி வைத்தது விட்டுப்போய், வயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்டுப் பம்ப்பில் கை வைத்தேன், கல் மாதிரி இருந்தது. ஹோஸில் டீசல் அப்படியே நின்று, நடுவில் காற்றுக் குமிழ் ஏறிக்கொண்டிருந்தது. இஞ்சின் விக்கியது, இறங்கியது. இன்னும் நான்கு சுற்று, அவ்வளவுதான். வயரைப் பிடிக்க நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

டக் டக் டக், டொக்.

என் முன்னால் இருந்து வந்தது. தகடு வைத்து மூடிய இடத்தில் இருந்து. ஹோஸைப் பார்த்தேன். உள்ளே டீசல் நகர்ந்தது. கரண்டுப் பம்ப் தள்ளினால் ஒரே சீராகப் போகும், இது அப்படி இல்லை. மூன்று சின்னத் தள்ளல், ஒரு பெரிய தள்ளல். குமிழ் மேலே போய் மறைந்தது. இஞ்சின் ஒரு தடவை செருமிவிட்டு முன்னைவிட நன்றாக ஓட ஆரம்பித்தது.

வயரை எடுத்து மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாட்டியிருக்கலாம். ஆனால் அதற்கு நான் அந்த இடத்தில் குந்த வேண்டும். அந்த இடம் காலியாக இல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், புகை, நிழல் எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவர் குந்தி வேலை பார்க்கும்போது நாம் எப்படி ஒதுங்கி நிற்போமோ அப்படி என் உடம்பு தானாக ஒதுங்கி நின்றது. ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். கரை வருகிற வரைக்கும், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது, அந்த டக் டக் டக், டொக் நிற்கவே இல்லை. எனக்குப் பயத்தைவிட முகத்தை எங்கே வைப்பது என்றுதான் இருந்தது. கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை.

படகு துறைக்குள் நுழைந்து, கயிறு கட்டி, மேலே இருந்து அண்ணன் இஞ்சினை நிறுத்தினார். அந்தச் சத்தமும் நின்றது. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அவர் இறங்கி வருவதற்குள் பாய்ந்து போய் வயரை முறுக்கி, டேப் சுற்றினேன். அவர் ஏணியில் குனிந்து எட்டிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"நடுவுல விக்குச்சே, என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே, ஏர் லாக். சரி பண்ணிட்டேன்."

"நீ சரி பண்ணுனியா?"

"ஆமாண்ணே."

"சரி, போ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானமே நான் திரும்பப் படகுக்கு வந்தேன். வேண்டுமென்றே வயரைக் கழற்றிவிட்டு இஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். மேலே இருந்து தானாக டீசல் இறங்கியிருக்குமோ என்றால், டேங்க் இஞ்சினுக்குக் கீழே இருக்கிறது, வழியே இல்லை. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, விக்கி நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது. எத்தனை தடவை செய்தேன் என்று நினைவில்லை. கடைசியில் அந்தத் தகட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அப்போது அந்த இடம் வெறும் இடமாகத்தான் இருந்தது.

எட்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் வேலாயுதம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் பஞ்சவர்ணம் மதினி வாசலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தது. வாங்க என்றது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், காதுகுத்து, பழைய சவ்வு, பாட்டில் தண்ணீர், எல்லாம். படகில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை, அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

மதினி கையில் இருந்த கருவாட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. "அவரு சாகுற வரைக்கும் என்ன சொன்னாருன்னு தெரியுமா ஒங்களுக்கு? சோத்துல கைய வச்சுக்கிட்டே, 'நான் மூடுனேனே, ஒருவேள மூடலியோ'ம்பாரு. தூக்கத்துல எந்திரிச்சு மூடிய முடுக்குற மாதிரி கையத் திருப்புவாரு. அந்த மனுசன் தன்னையவே நம்பாமப் போயிட்டாரு."

"மதினி, என்னைய நாலு அடி அடிச்சுருங்க."

"ஒங்கள அடிச்சு நான் என்ன செய்ய? எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க, எனக்கு அவரு மூடுனாருன்னு அன்னைக்கே தெரியும். படகுக்காரருகிட்டப் போயிச் சொல்லுங்க. ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லுங்க."

அங்கிருந்து நேராக முத்துக்கருப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதுதான் எனக்குத் தெரியுமேடா" என்றார்.

"மதினி சொல்லிருச்சாண்ணே?"

"நீதான் சொன்ன. அன்னைக்குப் படகுல வாரப்ப, வழி பூராவும் கீழேருந்து நீதானடா சொல்லிக்கிட்டே வந்த. 'நான்தாண்ணே தண்ணிய ஊத்துனேன், நீங்க டேங்க் மூடிய மூடித்தான் இருந்தீங்க'ன்னு. திருப்பித் திருப்பி அதையே சொன்ன. அந்த இஞ்சின் சத்தத்துலயும் எனக்குக் காதுகிட்டப் பேசுற மாதிரி கேட்டுச்சு. நீயா வந்து எங்கிட்டச் சொல்லுறியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் வாயே திறக்கவில்லை என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், நம்பினாரா இல்லையா தெரியவில்லை.

அடுத்த மீனவர் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். முத்துக்கருப்பன் அண்ணன் தன் படகுக்கு வேறு மெக்கானிக் பார்த்துக்கொண்டார், அது நியாயம்தான். பாதிப் பேர் என் கடைக்கு வருவதில்லை, அதுவும் நியாயம்தான். நான் சொல்லியிருக்க வேண்டியதை என் குரலில் வேறு எதுவோ சொல்ல வேண்டியதாகிவிட்டது, அந்த வெட்கத்தோடு ஒப்பிட்டால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

ஆனால் இன்றைக்கும் என்னைத் தூங்க விடாதது அதுவும் இல்லை. அன்று முத்துக்கருப்பன் அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் பின்னால் இருந்து கூப்பிட்டுச் சொன்னதுதான்.

"ஒனக்கு வேலாயுதமும் பதில் சொன்னாருடா. ஒவ்வொரு தடவையும் சொன்னாரு. அவரு சத்தந்தான், எனக்கு நல்லாத் தெரியும். ஆனா என்ன சொன்னாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் எனக்கு வெளங்கல."