மூணு கோடு, ஒரு புள்ளி

அந்த போட்டோவில் மேடையின் நடுவில் செராமிக் கம்பெனி முதலாளி இருப்பார், கழுத்தில் சந்தன மாலையோடு. அவருக்கு இடப்பக்கம் சார். வலப்பக்கம் வகுப்புக்கு இடம் கொடுத்த பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், போட்டோக்காரன் அவசரத்தில் பாதி வெட்டுப்பட்டுப் போயிருப்பார். கீழே வரிசையில் நாங்கள்: மங்கலம்பேட்டை பாய், கிளேஸ் போடும் பெண்கள், தையற்கடைக்காரர் ஒருவர், ஓரத்தில் சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நான். அக்கா இல்லை. அந்தப் படத்தில் இருக்க வேண்டியவர் யாராவது ஒருவர் உண்டென்றால் அது அக்காதான், ஆனால் அக்கா இல்லை. முதலாளியின் கையில் சிவப்பு வெல்வெட் ஒட்டிய ஒரு ஃபிரேம் இருக்கும். அதன்மேல் வரிசை வரிசையாக உடைந்த கப்புகளின் அடித்துண்டுகள், பளபளப்பான பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் ஒன்றுமே கிடையாது. இருந்ததெல்லாம் மறுபக்கத்தில்.

எண்பதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில் பெரியவர்களுக்கென்று வார இறுதியில் ஒரு படிப்பு நடந்தது. சமூக, பண்பாட்டு வரலாறு என்று பெயர். மூன்று மாதம், கடைசியில் ஒரு சான்றிதழ். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு விரிவுரையாளர் நடத்தினார். நாங்கள் சார் என்றே சொல்வோம். நான் அப்போது பஜாரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஜங்ஷனில் மூட்டை தூக்கிய என் அப்பாவுக்குக் கையெழுத்து போடத் தெரியாது. எங்கள் வகையறாவிலேயே பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் படிப்பு என்று யார் எதைச் சொன்னாலும் போய் உட்கார்ந்துவிடுவேன். படித்தவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்கள் என்று அப்போது நம்பினேன்.

அக்கா எனக்கு உறவில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்தவர், செராமிக் கம்பெனியில் கப்புகளைப் பளபளப்புக்காகக் கிளேஸ் கரைசலில் முக்கும் வேலை. அஞ்சாவதோடு படிப்பை விட்டவர். அவர் வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் சார் கம்பெனி வாசலில் நின்று ஆள் சேர்க்கும்போது சொன்ன ஒரு வார்த்தை. சாயங்காலம் ஷிப்ட் விட்டு வந்தவர்களைப் பார்த்து, "ஏட்டுல பேர் இல்லாதவங்களும் வாழ்ந்தாங்கன்னு நிரூபிக்கிறதுதாங்க எங்க வேலை" என்றார். மற்றவர்கள் நோட்டீஸை மடித்து டிபன் தூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்; கிளேஸ் போடும் பெண்கள் சிலர் பிறகு வந்து சேர்ந்தார்கள். அக்கா மட்டும் நின்றார். "நெசமாவே நிரூபிப்பீங்களா சார்?" என்று கேட்டார். சார் சிரித்துக்கொண்டே, "அதுக்குத்தானேம்மா சம்பளம் வாங்குறோம்" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் வருஷக்கணக்காக அச்சில் கப்பு எடுத்தவர். மாவுமண் தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமி, கடைசியில் எலும்பும் தோலுமாகச் செத்துப்போனார். நஷ்டஈடு கேட்டு அக்கா கடலூரில் தொழிலாளர் ஆபீஸில் மனு கொடுத்தார். கம்பெனி ஒரே வரியில் பதில் எழுதியது: அப்படி ஒருவர் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்கியவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது, அட்டை கிடையாது. கூட வேலை செய்தவர்கள், சாட்சிக்குக் கூப்பிடுவாரோ என்று, அக்காவை எதிரே பார்த்தால் சைக்கிளை வேறு சந்தில் திருப்பினார்கள். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. அக்காவை மட்டும் ஏன் வேலையிலிருந்து நிறுத்தவில்லை என்றால், நிறுத்தினால் மனுவுக்குப் பலம் சேரும் என்று யாரோ வக்கீல் சொல்லியிருந்தாராம்.

பீஸ் கணக்கு என்றால் இப்படி. அச்சிலிருந்து எடுத்த கப்பு ஈரமாக இருக்கும்போதே அடியில் ஆணியால் அவரவர் குறியைக் கீறிவிட வேண்டும். ஒருவருக்குச் சூலம், ஒருவருக்கு வட்டம். சூளையிலிருந்து நல்லபடியாக வெளிவந்ததைக் குறி பார்த்து எண்ணிக் கூலி போடுவார்கள். வெடித்தது, கோணியது, ஒட்டிக்கொண்டது எல்லாம் கொல்லைப்பக்கத்து உடைசல் மேட்டுக்குப் போகும். அதற்குக் கூலி இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் குறி மூணு கோடு, ஒரு புள்ளி. வீட்டில் அவர் கை பட்ட கப்பு ஒன்றுகூட இல்லை, கம்பெனிச் சரக்கை வெளியே எடுத்து வந்தால் திருட்டு.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, சார் ஒரு பழைய பானை ஓட்டைக் கொண்டுவந்து கையோடு கை மாற்றிப் பார்க்கச் சொன்னார். அதில் ஏதோ ஒரு கீறல். "இந்தக் கோட்டைக் கிழிச்சவன் பேரு தெரியாது, ஊரு தெரியாது. ஆனா இருந்தான். இல்லேன்னு ராஜாவே வந்து சொன்னாலும் செல்லாது" என்றார். ஓடு அக்காவிடம் வந்தபோது அடுத்தவருக்குக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய் எட்டிப் பார்த்து, "என்னம்மா, விலை பேசுறியா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பாய் மஸ்கட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து மங்கலம்பேட்டையில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தவர். வகுப்பில் யார் வாய் திறந்தாலும் அவர் ஒரு வார்த்தை போட்டுத்தான் ஓய்வார். அக்கா அவரைக் கவனிக்கவேயில்லை. "சார், எங்க கம்பெனிக் கொல்லையிலயும் இந்த மாதிரி ஓடு மலையா கெடக்குது. அதைத் தோண்டினா செல்லுமா?" என்று கேட்டார். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அகழ்வு எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுக்க அவருக்கும் ஒரு இடம் தேவைப்பட்டது. முதலாளியைப் போய்ப் பார்த்து அனுமதி வாங்கிவந்தார். குப்பையைக் கிளற யாராவது அனுமதி கேட்பார்களா என்று முதலாளி சிரித்தாராம். நாற்காலியும் டீயும்கூட அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் உள்ளங்கையில் அந்த உடைசல் ஓடுகளின் கூர் தெரிகிறது. மேட்டின் ஒரு பக்கத்தில் சணல் கயிறு கட்டி கட்டம் போட்டோம். மேலிருந்து சாண் சாணாக இறங்க வேண்டும், கீழே போகப் போகக் காலம் பின்னால் போகும் என்று சார் சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு அடுக்கில் கல்யாணத்துக்கு அச்சடித்த கப்பு ஒன்று கிடைத்தது, மணமக்கள் பேரும் தேதியும் போட்டு, கைப்பிடி மட்டும் போனது. பாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "யா அல்லா, இது எங்க பெரியப்பா வூட்டுக் கல்யாணம் சார்! பிரியாணியில உப்பு பத்தலைன்னு ரெண்டு வருஷம் சண்டை!" சார் குழந்தை மாதிரி குதித்தார். தேதி போட்ட பொருள் கிடைத்துவிட்டால் அந்த அடுக்குக்கே வயசு சொல்லிவிடலாம் என்றார். அதே அடுக்கில், அந்தக் கல்யாணக் கப்புக்கு ஒரு முழம் தள்ளி, அக்கா ஒரு அடித்துண்டைத் திருப்பினார்.

அவர் கூப்பிடவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான்தான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மூணு கோடு, ஒரு புள்ளி. பிறகு கைகளுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி தோண்டினார். அதற்கும் கீழே ஒன்று. மேல் அடுக்கில் மூன்று. கிளேஸ் போடும் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் அந்தக் குறி தெரியும். ஒருத்தி மெதுவாக, "மேல இருக்கிறதுல கோடு நடுங்குது பாரு, சீக்குல போட்டது" என்றாள். அக்கா தலையாட்டினார். கூலி இல்லாமல் வீசப்பட்ட சாமான்கள், அக்காவின் வீட்டுக்காரர் வேலை செய்தார் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி.

துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு அக்கா எழுந்தபோது சார் கையை நீட்டினார். "அம்மா, அப்படி எடுத்துட்டுப் போகக் கூடாது. கண்டெடுத்தது கண்டெடுத்தவங்களுக்குச் சொந்தமில்ல. பையில போட்டு, அடுக்கு எழுதி, என்கிட்ட ஒப்படைக்கணும். அதுதான் முறை."

பாய் விடவில்லை. "அப்ப என் கடைச் சரக்கை நான் தோண்டி எடுத்தா அதுவும் உங்களுக்கா சார்?"

"உங்க கடை இன்னும் மண்ணுக்குள்ள போகலையே பாய். போனதும் வரேன்."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா முடிச்சை அவிழ்த்துவிட்டார். முறை என்று சொன்ன பிறகு மீறுகிற பழக்கம் அவருக்கு இல்லை. வகுப்பிலேயே அவர்தான் நல்ல மாணவி. சார் பையை வாங்கிக்கொண்டு, "நானே ஒரு கடிதம் எழுதித் தரேன், கவலைப்படாதீங்க" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபோது, எட்டிப் பார்க்க வந்த முதலாளியிடம், என்ன கிடைத்தது, எந்த அடுக்கில், யாருடைய குறி என்று ஒன்றுவிடாமல் பெருமையாகச் சொன்னார். முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ரொம்ப சந்தோசம்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது கொல்லை தரைமட்டமாக இருந்தது. மேடு முழுவதையும் லாரி வைத்து அள்ளி எங்கோ பள்ளத்தில் கொட்டிவிட்டார்கள். சணல் கயிறு மட்டும் வேலியில் சுற்றிக் கிடந்தது.

அதன்பிறகு அக்கா வாராவாரம் கடிதத்தைக் கேட்டார். சார் வாராவாரம் அடுத்த வாரம் என்றார். விசாரணைக்குத் தேதி வந்துவிட்டதென்று ஒருநாள் வகுப்பு முடிந்ததும் வழிமறித்துக் கேட்டபோது அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: "அம்மா, வரலாறு வேற, கேஸு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க." அடுத்த வருஷ வகுப்புக்குத் தனிக் கூடமே கட்டித்தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார் என்று அதற்கு முந்தின வாரம்தான் எங்களிடம் அறிவித்திருந்தார். நான் பொறுக்க முடியாமல், "சார், ராஜாவே சொன்னாலும் செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மொதல்ல டிகிரியை முடி. உங்க வூட்டுல அதைப் படிச்சுப் பார்க்கக்கூட ஆள் இல்ல" என்றார். கிளேஸ் போடும் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அக்கா மட்டும், "வா தம்பி, போலாம்" என்றார்.

நிறைவு விழாவுக்கு அக்கா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். சார் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், கடிதம் இல்லாவிட்டாலும் துண்டுகளை நேராகக் கடலூருக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார். சிறப்பு விருந்தினருக்கு நினைவுப் பரிசு என்று சொல்லி சார் பட்டுத்துணியை விலக்கினார். சிவப்பு வெல்வெட். அதில் எங்கள் துண்டுகள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பளபளப்பான பக்கத்தை மேலே வைத்து, கீறல் உள்ள பக்கம் முழுக்கப் பசை தடவி ஒட்டியிருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா எழுந்து மேடைக்குப் போனார். பரிசு கொடுக்கத்தான் போகிறார் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவர் ஃபிரேமைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் அட்டை வைத்து ஆணியடித்திருந்தது.

"என்னுது எது சார்?"

சார் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "மூணாவது வரிசைன்னு நினைக்கிறேன். எறங்கும்மா" என்றார். அக்கா ஒரு துண்டின் ஓரத்தில் நகத்தை விட்டுப் பெயர்க்கப் பார்த்தார். வரவில்லை.

"யாரும்மா நீ?" என்றார் முதலாளி, தினமும் தன் கேட்டைத் தாண்டி வேலைக்கு வருகிறவரைப் பார்த்து.

"மூணு கோடு ஒரு புள்ளி போட்டவரு பொண்டாட்டிங்க."

முதலாளி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நம்ம கம்பெனியில கோடு போடுறவங்க நூறு பேரு. புள்ளி வைக்கிறவங்க எரநூறு பேரு. நான் எல்லாருக்கும் புருசன் தேடிக் குடுக்க முடியுமா?" கூடம் அதிரச் சிரிப்பு. பாய்கூடச் சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்று குறியைப் பார்த்துத் தலையாட்டிய பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்து இறக்கி வெளியே விட்டார். அதற்குப் பிறகுதான் போட்டோ எடுத்தார்கள்.

அக்காவின் சான்றிதழை நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். முதல் வகுப்பு. விசாரணையன்று அவரோடு கடலூருக்குப் போனேன். ஆதாரம் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டதும் அக்கா அந்தச் சான்றிதழை எடுத்து நீட்டினார். வேறெதுவும் அவரிடம் இல்லை. அதிகாரி அதைப் பொறுமையாகப் படித்தார். "சமூக வரலாறு படிச்சிருக்கீங்க. நல்லது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனுவைத் தள்ளுபடி செய்தார். அந்த மாசமே கம்பெனியில் அக்காவுக்கு வேலை இல்லை என்றார்கள். இப்போது நிறுத்தினால் எந்த மனுவுக்கும் பலம் சேராதே. மற்ற யூனிட்டுகளும் சேர்த்துக்கொள்ளவில்லை. நல்லூர்ப் பக்கம் தங்கச்சி வீட்டோடு போய்க் களை பறிக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போன மாசம் கடைக்குப் பீங்கான் பியூஸ் கேரியர் எடுப்பதற்காக அந்தக் கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். முதலாளியின் மகன்தான் இப்போது பார்க்கிறார். பில் போடும் மேஜைக்கு மேலே அதே ஃபிரேம், வெல்வெட் வெளுத்துப் போய். நான் பார்ப்பதைப் பார்த்து அவர், "அழகா இருக்குதுல்ல? ஆயிரம் வருஷத்துப் பழசு. ஒரு புரொபசர் எங்க அப்பாவுக்குக் குடுத்தாரு" என்றார். மூணாவது வரிசையில் ஒரு துண்டின் ஓரத்தில் நகம் பட்ட இடம் சின்னதாக வெளுத்திருந்தது. கழற்றிப் பின்னால் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஐயோ, பசை போட்டு ஒட்டினது. எடுத்தா ஒடைஞ்சிடும்" என்றார்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் சார் நினைவுப் பரிசுக்கென்று வகுப்பில் வசூல் செய்தார். என்ன பரிசு என்று யாரும் கேட்கவில்லை. பாய் தன் வழக்கப்படி பேரம் பேசினார், கடைசியில் கொடுத்தார். நான் கொடுத்தேன். எல்லோருக்கும் முன்னால், முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையாக எண்ணி வைத்தவர் அக்கா. ஆளுக்கு அஞ்சு ரூபாய்.