அடியில் வெட்டிய பெயர்

செய்தி எங்கள் கேஸ் விளக்கு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மேலே ஒருவர் விற்பனைக்குப் போட்டிருந்த விளக்குக் கண்ணாடியின் படம். கீழே இன்னொருவர், "விலை என்ன பாஸ்?" என்று கேட்டிருந்தார். நடுவில் ஒரே வரி: போர்ட் கிள்ளான் லெட்சுமணன் அண்ணன் இன்று காலை காலமானார். நான் பிரிக்பீல்ட்ஸில் என் பட்டறையில் யாருக்கோ செய்த பல் செட்டை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். மோட்டாரை நிறுத்தவில்லை. அந்தச் செட்டை முடித்துவிட்டுத்தான் அந்த வரியை இன்னொரு முறை படித்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைப் பற்றி ஒரு விஷயத்தைத் தவறாக அறிந்திருக்கிறீர்கள். அதற்குக் காரணம் நான்தான்.

லெட்சுமணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மண்ணெண்ணெய் ஊற்றி, பம்பால் காற்றடித்து ஏற்றும் பழைய விளக்குகள்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. எனக்கும் அதே பைத்தியம். முதலில் சந்தித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் சந்தையில். நான் விலை பேசிக்கொண்டிருந்த விளக்கை அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கடைக்காரர், "நூறு வருசத்துச் சாமான் அங்கிள்" என்றார்.

"பம்பு புதுசு. மூடி வேற வெளக்கோடது. தொட்டி மட்டுந்தான் பழசு. மூணு வெளக்க ஒண்ணாக்கி வச்சிருக்க. நூறு வருசம்னு மூணு வயசையும் கூட்டிச் சொல்றியா?" என்று கேட்டார் அவர்.

கடைக்காரரே சிரித்துவிட்டார். நான் அதற்குப் பிறகும் அந்த விளக்கை வாங்கினேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் நட்பு தொடங்கியது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். புது வாஷர் போட்ட விளக்கை ஏற்றுவதற்கு முன், தொட்டியில் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார். பஞ்சர் கடையில் டியூபை முக்கிப் பார்ப்பார்களே, அதே வேலைதான். ஒரு நிமிடத்தில் எனக்குப் பொறுமை போய்விடும். "குமிழி வரலண்ணே, எடுத்துடலாம்" என்பேன். "குமிழி வரலன்னா ஓட்டை இல்லன்னு அர்த்தம் இல்ல லா. நீ போதுமான நேரம் பாக்கலன்னும் அர்த்தம்" என்பார். சில நாள் ஆறாவது நிமிடத்தில் ஒரே ஒரு குமிழி வரும். என்னைத் திரும்பிப் பார்க்காமல் வாளியையே பார்த்துக்கொண்டிருப்பார். அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவருடைய இன்னொரு சட்டம் எங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரியும். "படிக்காமத் தொடைக்காத." விளக்கு எங்கே செய்தது, யாருடையது என்பதெல்லாம் தொட்டியின் மேலும் அடியிலும்தான் இருக்கும். அதைப் படிக்கும்வரை துணிகூடப் படக்கூடாது.

மூன்று வருடங்களுக்கு முன் கேரி தீவிலிருந்து பரமேஸ்வரி என்ற அம்மாள் அவரிடம் ஒரு விளக்கைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். கோயில் திருவிழாவில் விளக்கு ஏற்றுவதும் அவர்தான். ஒரு வருடம் கோயில் விளக்கு ஒன்று காணாமல் போனது. அதே சமயத்தில் அவர் வீட்டில் ஒரு விளக்கு இருந்தது. காசு கொடுத்து வாங்கினேன் என்று அவர் சாகும்வரை சொன்னார். தோட்டத்து ஆட்களும் அவர் சாகும்வரை அவரைத் திருடன் என்றார்கள்.

விளக்கின் அடியில், பாத்திரத்தில் பேர் வெட்டுவதைப் போல, ஏதோ பேர் வெட்டியிருந்தது. களிம்பேறிப் படிக்க முடியவில்லை. "கோயில் பேரா, அப்பா பேரா, அது மட்டும் தெரிஞ்சா போதும் அண்ணே. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன்" என்றாராம் அந்த அம்மாள்.

மறுநாள் லெட்சுமணனுக்குக் கண்ணில் ஆப்பரேஷன். பம்புக்குத் தோல் வாஷர் மாற்றி வைக்கும்படி விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். அடியில் இருந்த பேரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார்.

வாஷரை மாற்றினேன். பிறகு தொட்டியைத் திருப்பினேன். அடிப்பாகம் பச்சையும் கறுப்புமாக அசிங்கமாக இருந்தது. முப்பது வருடமாக மெருகில்லாத எதையும் பட்டறையைவிட்டு வெளியே அனுப்பாதவன் நான். பல் செட்டுக்குப் போடும் பொடியைத் தடவி, மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் பிடித்தேன். இரண்டு நிமிடம். மெல்லிய கீறல்கள் கண்ணில் படத்தான் செய்தன. அவையும் போனால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. போய்விட்டன. என் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்தது. பெருமையாகக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன்.

அவர் ஒரு கண்ணில் கட்டோடு விளக்கைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு அந்த அம்மாள் கேட்டதைச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எழுத்தே இல்லன்னு சொல்லிடுவோம்ணே. அந்த அக்காவுக்கும் நிம்மதி" என்றேன்.

"நிம்மதி குடுக்கறதா நம்ம வேலை? வெளக்கு என்ன சொல்லுதோ அத எடுத்துச் சொல்றதுதான் நம்ம வேலை. இப்ப அது ஒண்ணும் சொல்லாது."

அந்த அம்மாள் வந்தபோது நானும் இருந்தேன். "எழுத்து இருந்துச்சும்மா. படிக்கறதுக்கு முன்னாடி அழிஞ்சுபோச்சு. என் தப்பு" என்றார் லெட்சுமணன். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் அழவில்லை. "கோயிலுக்கே குடுத்துடுறேன். திருடுனதா இருந்தா திருப்பிக் குடுத்ததா இருக்கட்டும். எங்களுதா இருந்தா காணிக்கையா இருக்கட்டும்" என்றார். விளக்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அந்த அம்மாள் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "ஒங்கிட்டச் சொல்லாமக் குடுத்தேன்ல. மொதத் தப்பு என்னுது" என்றார்.

விஷயம் குழுவில் பரவியது. படிக்காமல் துடைக்காதே என்றவரே துடைத்துவிட்டார் என்று அவருக்கு "அழிரப்பர்" என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்லி நானும் இரண்டு முறை சிரித்திருக்கிறேன்.

சாவு வீட்டுக்குப் பரமேஸ்வரி வந்திருந்தார். "கோவம் இன்னும் போகல அண்ணே. ஆனா நேர்மையாச் சொன்ன மனுசன். அதான் வந்தேன்" என்றார் என்னிடம். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கேரி தீவுக்குப் போனேன். பரமேஸ்வரி வீட்டு வாசலில் நின்றபடியே, எழுத்தை அழித்தது நான்தான் என்று சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "இத அவரு இருக்கும்போது சொல்லியிருக்கணும்" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. அது சரிதான்.

லெட்சுமணனின் மனைவி அவருடைய நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். பழுது பார்த்த ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பக்கம். அடிப்பாகத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த எழுத்துகள், கீழே குறிப்பு. கேரி தீவு விளக்கின் பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. வழவழவென்று வெறும் பென்சில் கறுப்பு. அடியில் அவர் கையெழுத்து: "தப்பு 1: சொல்லாமல் கொடுத்தேன். லெட்சுமணன்."

அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார். "2" என்றுகூடப் போடவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பக்கம் மட்டும்தான். இந்த வாரம் அதில் எழுதினேன்: "தப்பு 2: படிக்காமல் துடைத்தேன். சண்முகம்."