ஐந்துக்கு மேல் வந்தால்

நீர்மட்ட அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'அஞ்சு மேடம்'. ஆற்றோரக் கம்பங்களில் அளவு பார்ப்பவர்கள் தினமும் நண்பகலில் செல்போனில் ஒரு வரி அனுப்புவார்கள். அதைப் படிக்கும் ப்ரோகிராமை எழுதியவள் அவள்தான். வரியில் காலையிலிருந்து பார்த்த நீர்மட்டங்கள் ஐந்து எண்களாக இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பதில் போகும்: 'ஐந்து எண்கள் தேவை.' மூன்று வருடமாக ஒரு பிழையும் இல்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களிடம் மட்டும்தான் சொன்னாள். கேட்காதவர்களைக் கேட்க வைத்தாள்.

போன மாதம் வெள்ளம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கரையோரத் தெருவுக்குள் நுழைந்தது. முதல் வீடு அவள் தங்கையுடையது. தங்கைக்குத் தையல்தான் பிழைப்பு. மூன்று மெஷினும் முழுகிப் போயின. இரண்டைச் சரிசெய்தாகிவிட்டது. மூன்றாவது இன்னும் துணியில் துருவைக் கக்கிக்கொண்டிருக்கிறது.

"உங்க ஆபீஸ்ல ஒண்ணும் தெரியலையா அக்கா?"

"வந்த அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

அது உண்மையும்கூட. ஆனாலும் உறுத்தல் தாங்காமல் மேல்கரையில் அளவு பார்ப்பவருக்குப் போன் போட்டாள்.

"அன்னைக்கு வானம் சரியில்ல மேடம். காலை ஆறரையிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். எட்டரைக்கு மேல ஏற ஆரம்பிச்சுது. பதினோரு நம்பர் அனுப்பினேன், அஞ்சுதான் வேணும்னு பதில் வந்துச்சு. மேலிடத்து உத்தரவாச்சே, முதல் அஞ்சை அனுப்பிட்டேன்."

அந்த மேலிடம் அவள்தான்.

"அஞ்சுக்குக் கம்மியா இருந்தா என்னண்ணே செய்வீங்க?"

"கடைசி நம்பரையே திரும்பப் போட்டு அஞ்சாக்கிடுவோம். எல்லாரும் அப்படித்தான் மேடம்."

மூன்று வருடமாகப் பிழையே வராத ரகசியம் அது.

ப்ரோகிராமைப் பிரித்துப் போட்டாள். இனி அது இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வரியை வெட்டும். எத்தனை துண்டு விழுகிறதோ அத்தனையையும் எடுத்துக்கொள்ளும். அதில் ஒன்று அபாய எல்லையைத் தாண்டினாலும் கத்தும். எண்ணே இல்லாத வெறும் வரி வந்தாலும் முகம் சுளிக்காது. எழுத அரை நாள் ஆயிற்று, மேலதிகாரியைச் சம்மதிக்க வைக்க ஒன்பது நாள். "அறிக்கையில அஞ்சு கட்டம்தானேம்மா இருக்கு?" என்பது அவர் கவலை.

முதல் நாள் ஒருவர் மூன்று எண் அனுப்பினார், இன்னொருவர் ஒன்று, வேறொருவர் வெறும் வரி. மேலதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம், நண்பகலுக்கு முன்பே, மேல்கரையிலிருந்து பதினான்கு எண்கள் வந்தன. ஒன்றைவிட ஒன்று பெரிது. ப்ரோகிராம் கத்தியது. எச்சரிக்கை போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போன பிறகு தங்கையை அழைத்தாள்.

"தண்ணி வருது. மெஷினையெல்லாம் மாடிக்கு ஏத்து."

"போன தடவை ஏன் சொல்லலக்கா?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது.

"அஞ்சுக்கு மேல வந்தா வேணாம்னு நான்தான் எழுதி வெச்சிருந்தேன். பதினொண்ணு வந்துச்சு. என் ப்ரோகிராம் திருப்பி அனுப்பிடுச்சு."

அந்தப் பக்கம் தரையில் மெஷினை இழுக்கும் சத்தம் கேட்டது.

"சண்டையை அப்புறம் வெச்சுக்கறேன். என் ஒருத்தியால தூக்க முடியல. எத்தனை பேரோட வர்றே?"

"எத்தனை பேர் கிடைக்கிறாங்களோ அத்தனை பேரோட."

மேலதிகாரியையும் சேர்த்து நான்கு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவது ஆளுக்காக அவள் காத்திருக்கவில்லை.